ராத்திரிக்கு ஒரு மூடி

தங்கச்சிமடம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் ஜாஸ்லினுக்கு,

இங்கே நான், உன் அய்யா, உன் அய்யாவின் இருமல் ஆகிய மூவரும் நலம். அந்தக் குளிர்நாட்டில் நீயும், கொட்டியது போக மிச்சமிருக்கும் உன் தலைமுடியும் நலமாக இருக்கும்படி நம் கோவில் சந்தியாகப்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் உன் அய்யா பக்கத்தில் வந்து நின்று அதை வாங்கி, "ஒண்ணுமில்லத்தா" என்று முடித்து விடுகிறார். தபாலில் அவருக்கு அந்த வசதி இல்லை. பிரடெரிக் மாமா வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. மற்றதெல்லாம் இருமல்தான்.

நீ அன்றைக்குப் போனில் கேட்டாயே, எத்தனை நாளாக இருமுகிறது, சளி வருகிறதா, காய்ச்சல் உண்டா, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. உன் மருந்துக்கடைக்கு வருகிற வெள்ளைக்காரர்களிடமும் இதைத்தான் கேட்பாயாம், பாவம், அவர்களும் பதில் சொல்வார்களாம். உன் அய்யா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒண்ணுமில்லத்தாவைக் கொடுத்தார். உண்மை என்னவென்றால் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரத்திலிருந்து இருமுகிறார், சளி என்று எதுவும் வருவதில்லை, தொண்டையில் யாரோ கோழி இறகு விட்டுக் கிண்டுவது போல வறட்டு இருமல். நான் கற்பூரவல்லி கொடுத்தேன், மிளகு கொடுத்தேன், பனங்கற்கண்டு கொடுத்தேன். பனங்கற்கண்டை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு யாரையும் கேட்காமல் வேல்ராஜ் கடைக்குப் போய்விட்டார். பேருந்து நிறுத்தம் பக்கத்தில் இருக்கும் மெடிக்கல், உனக்குத் தெரியும்.

வேல்ராஜிடம் உன்னைப் போல அத்தனை கேள்விகள் கிடையாது. இரண்டுதான். பெரியவங்களுக்கா சின்னப்பிள்ளைக்கா என்பது ஒன்று, பெரிய பாட்டிலா சின்ன பாட்டிலா என்பது மற்றொன்று. இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் நோய் முடிவாகிவிடும். அன்றைக்குக் கடையில் கூட்டமாம். உன் அய்யா ஒரு மாதிரிக்கு இருமிக் காட்டியிருக்கிறார். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் இது வறட்டு இருமல் என்றும், மீதிப்பேர் நெஞ்சுச்சளி என்றும் பிரிந்து நின்றிருக்கிறார்கள். சுகர் மாத்திரை வாங்க வந்த நாகலெட்சுமி, "அண்ணே, இன்னொரு தடவ இருமுங்க, சரியாக் கேக்கல" என்றாளாம். வேல்ராஜ் யார் மனமும் நோகாமல் இரண்டு பாட்டில் கொடுத்துவிட்டான். ஒன்று, சளியே வெளியே வா என்று கூப்பிடுவது. இன்னொன்று, இருமாதே, பேசாமல் படு என்று அதட்டுவது. இரண்டையும் ஒரே நெஞ்சுக்குள் ஊற்றினால் உள்ளே இருப்பது எந்தப் பக்கம் போகும் என்று அந்த வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை. அதட்டுகிற பாட்டிலைக் கொடுக்கும்போது மட்டும், "அண்ணே, இத ராத்திரி ஒரு மூடி குடிங்க, தூக்கம் நல்லா வரும்" என்று சொல்லியிருக்கிறான்.

இனிமேல்தான் விஷயம். எங்கள் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நான் சொன்ன எதையும் உன் அய்யா கேட்டதில்லை, டாக்டர் சொல்லியும் கேட்டதில்லை, பங்குச்சாமி சொன்னால் தலையாட்டுவார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் ஒரு மெடிக்கல்காரன் சொன்னதை முதல் முறையாக வரி பிசகாமல் கேட்டார். ராத்திரி என்றான், ராத்திரி குடித்தார். படகு ஓட்டுகிறவருக்கு ராத்திரி எங்கே இருக்கிறது என்று வேல்ராஜும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை, ராத்திரி முழுக்க வலை இழுக்கும் படகில் வீல் அவர் கையில். பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு போய், இருட்டியதும் ஜெபம் சொல்லி, ஒரு மூடி குடித்துவிட்டு வீலைப் பிடித்திருக்கிறார். இருமல் நிற்கவில்லை என்று இன்னொரு மூடியும் குடித்திருக்கிறார். பிறகு இருமல் நின்றது. மற்றவையும் நின்றன.

உன் மாமா பிரடெரிக் அதே படகில்தான் இருந்தான். வெகுநேரமாக மச்சான் இருமவில்லையே, மருந்து நன்றாகக் கேட்கிறதே என்று சந்தோஷப்பட்டுப் பின்னால் படுத்திருந்தவன், தண்ணீர் குடிக்க எழுந்து முன்னால் போய்ப் பார்த்தால், உன் அய்யா வீலில் தாடையை ஊன்றிக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். ஜிபிஎஸ் திரையில் எல்லைக்கோடு படகுக்கு மேற்கே கிடக்கிறது. அது கிழக்கே இருக்க வேண்டிய கோடு. கொஞ்ச தூரத்தில் இலங்கை நேவி விளக்கு. பிரடெரிக் வீலைப் பிடுங்கிப் படகைத் திருப்பி, வலையை அறுத்துவிட்டு ஓட்டி வந்திருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பக்கம் பிடிபட்ட நம் தெருப் பிள்ளைகள் எத்தனை மாதம் கழித்து வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகில் ஐந்து பேர். அதில் ஒருவனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. கரைக்கு வந்ததும் பிரடெரிக், "மச்சான், டானிக் குடிச்சிட்டு நாடு விட்டு நாடு போன மொத ஆளு நீங்கதான், பாஸ்போர்ட் எடுத்து வச்சிக்கங்க" என்றான். உன் அய்யா, "ஏலே, கண்ண மூடி செபம் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார். குறட்டையோடு சொல்லும் செபம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நான் கேட்டேன். அதற்கு இருமினார்.

சிரித்துச் சிரித்து எழுதுகிறேனே தவிர, அன்றைக்குச் சோற்றுப்பானை அடுப்பிலேயே கரிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வேல்ராஜ் கடைக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. உன் அய்யா கேட்கும் ஒரே ஆள் அவன்தான் என்று ஆகிவிட்ட பிறகு அவனைப் பகைக்க முடியுமா. தம்பி, இனி அவருக்குப் பாட்டில் கொடுக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல் என்றேன். என்னிடம் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்லவா, "டீச்சர், இருமல் விடாம இருந்தா டாக்டரப் பாக்கணும், குடிச்சிட்டு வண்டி ஓட்டக் கூடாதுன்னு பாட்டில்லயே போட்டிருக்கே" என்று காட்டினான். போட்டிருந்தது. என்னுடைய கண்ணாடியையும் அவனுடைய கண்ணாடியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது படிக்க முடிந்தது, ஆங்கிலத்தில். இருந்தாலும் நல்ல பிள்ளை, உன் அய்யா அடுத்த பாட்டிலுக்கு வந்தபோது, "ஸ்டாக் இல்லண்ணே, சளியும் நெஞ்சும் டெஸ்ட் பண்ணி சீட்டு வாங்கிட்டு வாங்க" என்று அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்று சொல்லியிருக்கிறான். பின்னால் இருபது பாட்டில் தெரிந்திருக்கும்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். நெஞ்சுப் படம் எடுத்தார்கள், சளி வராதவரிடம் எப்படியோ கொஞ்சம் வாங்கிப் பார்த்தார்கள், இரண்டிலும் ஒன்றுமில்லை. உன் அய்யா என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை, தேர்தலில் ஜெயித்தவர்கூட அப்படிப் பார்க்க மாட்டார். அப்போது அங்கிருந்த சின்ன டாக்டர் பிள்ளை, வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கேட்டாள். ஒண்ணுமில்லத்தா என்று அவளிடமும் ஆரம்பித்தார். நான் அவர் சட்டைப்பையில் கைவிட்டு அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். தடைக்காலத்தில் கோவில் மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில் பிரஷர் இருக்கிறது என்று சொல்லி எழுதிக் கொடுத்த மாத்திரை. உனக்குச் சொல்லக் கூடாது, மகள் அங்கே தனியாக அழுவாள் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். படகு முதலாளிக்குத் தெரிந்தால் வீல் போய்விடும் என்ற பயம் வேறு. அந்தப் பிள்ளை அட்டையைப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரை சிலருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்றாள். மாற்றி எழுதிக் கொடுத்தாள், தானாக எதையும் நிறுத்தக் கூடாது, இருமல் அடங்கச் சில வாரம் ஆகும் என்றும் சொன்னாள். ஆக, மாத்திரை என்ற பெயரில் இருமலையும் வேல்ராஜ் கடையில்தான் வாங்கியிருக்கிறோம், இருமலுக்கு மருந்தையும் அங்கேதான் வாங்கியிருக்கிறோம். இரண்டும் ஒரே அலமாரியில், பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கின்றன.

இப்போது ராத்திரியில் வீல் பிரடெரிக் கையில். உன் அய்யா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறார். இருமல் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. பிரடெரிக்குக்கு அதில் வருத்தமில்லை, மச்சான் இருமினால் முழித்திருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறானாம்.

சத்தியத்தை மீறி எழுதிவிட்டேன். அதை நான் பங்குச்சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்கிறேன். நீ அழாதே, அழுதாலும் போனில் அழாதே. அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது, முகம் தெரியாத ஆட்களிடம் நீ கேட்கிற அந்த மாத்திரைக் கேள்வியை அதே கண்டிப்போடு உன் அய்யாவிடம் கேள். ஒண்ணுமில்லத்தா என்பார். மாத்திரையின் பெயரைச் சொல்கிறவரை போனை வைக்காதே. நான் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் தெரியாதவள் போல வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். கருவாடு அனுப்பச் சொல்லிக் கேட்காதே, போன தடவை பார்சல் ஆபீசில் நான் பட்ட அவமானம் போதும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
யாகப்பம்மாள்