ஏழடி தூரம்

மதினி,

பூண்டு மூட்டை வைக்கும் பரணை இன்று ஒதுக்கினேன். உங்கள் பழைய காலண்டர் சுருட்டியபடி கிடைத்தது. இளைப்பு வந்த நாட்களில் பென்சில் புள்ளி. வீட்டுக்குத் தூரமான நாட்களில் வட்டம். மாதாமாதம் வட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் புள்ளி ஆரம்பிக்கிறது.

இதைத் தூக்கிக்கொண்டுதானே கொடைக்கானல் டாக்டரிடம் போனோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூண்டுத் தூசி, குளிர் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "என் ஒடம்பு எனக்குத் தெரியாதா தம்பி?" என்று பஸ்ஸில் கேட்டீர்கள். நானும் சிரித்துத்தான் வைத்தேன்.

போன வாரம் உங்கள் மகளைக் கூட்டிப்போனேன். வயதுக்கு வந்ததிலிருந்து அவளுக்கும் அதே இளைப்பு, அதே நாட்களில். இப்போதிருக்கும் டாக்டரம்மா காலண்டர் எதுவும் இல்லாமலே சொன்னார். மாதவிலக்கை ஒட்டி ஹார்மோன்கள் ஏறி இறங்குமாம். நுரையீரலில் காவல் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்களுக்கும் அது எட்டுமாம். சிலருக்கு அவை வேண்டாத சண்டைக்குக் கிளம்பி, மூச்சுக்குழாயை வீங்க வைத்துவிடுமாம். ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு நீங்கள் கண்டுபிடித்ததுதானே இது! ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

டாக்டரைத் திட்டினால் நான் யோக்கியனாகிவிடுவேனா? நீங்கள் தூரமாகி வெளி அறையில் ஒதுங்கியிருக்கும் நாட்களில்தான் மூச்சு முட்டும் என்று தெரிந்தும், இன்ஹேலர் உள்ளே சாமி அலமாரிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அன்று காலை நீங்கள் பேச முடியாமல் கையை நீட்டினீர்கள். நான் பழனிக்கு மாலை போட்டிருந்தேன். "தொட்டுராதலே, தூக்கிப் போடு" என்றாள் அம்மா. வாசற்படியில் நின்றே போட்டேன். ஏழடி தூரம்கூட இருக்காது. கல்லில் பட்டு உடைந்து, மருந்துக் குப்பி சாக்கடையில் உருண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாலையைக் கழற்றியிருக்கலாம். முருகன் ஒன்றும் கோபித்திருக்க மாட்டான்.

நேற்று அம்மா அதே அறையைக் கூட்டிப் பேத்திக்குப் பாய் விரித்தாள். பாயைச் சுருட்டித் தெருவில் எறிந்தேன். சாமி குற்றம் என்று அழுதாள். "மதினிய கொன்னது யார் குத்தம்மா?" என்றேன்.

நான் இப்போது மாலை போடுவதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர் வைத்திருக்கிறேன். நேற்று உங்கள் மகளுக்கு இளைத்தது. கையைத் தொட்டுத்தான் கொடுத்தேன், மதினி.