கப்பல் ட்ராக்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையிலிருந்து மழை. எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் பதில் இல்லை. வாய் திறந்து சொல்ல வராததால் எழுதுகிறேன். பேப்பரை வீணாக்குவதற்கு மன்னிக்க வேண்டும். யார் மன்னிக்க வேண்டும் என்பதும் தெரியவில்லை.

இன்றைய வேலை: கீபோர்டைத் திறந்து சுத்தம் செய்வது. நடுவில் ஒரு கீ அமுக்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அடிப்பக்கம் ஸ்க்ரூ எல்லாம் துரு. கீக்கு அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் பட்டையை உருவி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். உப்புக் காற்று. உள்ளே எறும்பு, குடும்பத்தோடு. ஒரு பல்லி முட்டையும்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். மழையால் வேலைக்குப் போகவில்லை. "டிகிரி முடிச்ச புள்ள ஸ்க்ரூ கழட்டிக்கிட்டு குந்தியிருக்கு." கோபமா பெருமையா, குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும்.

மேடைக்கு என் செட்:
கீழ்த்தட்டு, பெரிய கீபோர்டு. பியானோ, வயலின் கூட்டம்.
மேல்தட்டு, சின்னது. புல்லாங்குழல், நாதஸ்வரம்.
பெடல். அடாப்டர் இரண்டு. தார்ப்பாய். எலாஸ்டிக் கயிறு.

இரண்டடுக்கு ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றால் நெஞ்சு வரை மறைந்துவிடும். கூட்டம் முழுக்கத் தெரியும், யாரிடமும் பேச வேண்டியதில்லை. கல்யாண வீடுகளில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அது. கல்லூரியில் மூன்று வருஷம் எங்கே நிற்பது என்று தெரியாமலே நின்றேன். அங்கே மட்டும் தெரியும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கரண்ட் மூன்று தடவை போனது.

கப்பல் ட்ராக் முடிந்தது. கடைசிப் பாட்டும் பதிந்து பென் டிரைவில் ஏற்றி சேகர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

மெயின்லேண்டில் இப்படி ஒன்று கிடையாதாம். இங்கே அந்தமானில் கடல் சரியில்லை என்றால் போட் ரத்து. ஆர்கெஸ்ட்ராவில் பாதிப் பேர் ஒரு தீவில், பாதிப் பேர் இன்னொன்றில் மாட்டிக்கொள்வோம். அதனால் ஒவ்வொருவரும் தன் பங்கைத் தனியாக வாசித்துப் பதிந்து வைக்க வேண்டும். ஆள் வராவிட்டால் லேப்டாப்பில் அந்த ஆளை மட்டும் ஓடவிட்டு மற்றவர்கள் சேர்ந்து வாசிப்பார்கள். சேகர் அண்ணன் கொண்டுவந்த பழக்கம். அவர்தான் எங்கள் தலைவர். பகலில் அரசாங்க கிளார்க், சாயங்காலம் ஆக்டோபேட், குச்சியால் தட்டும் எலெக்ட்ரானிக் டிரம். பாட்டுக்கு ரீட்டா தீதி, இந்தி பேசும் அக்கா. பேஸ் கிட்டார் அல்போன்ஸ் அண்ணன்.

அல்போன்ஸ் அண்ணன் இரண்டு பாட்டு பதிந்தார், அதோடு சரி. நான் எல்லாப் பாட்டும். பழைய லேப்டாப், சின்ன சவுண்ட் கார்டு, கட்டில் மேல் கீபோர்டு, தரையில் நான். தப்பு வந்தால் திரும்ப முதலிலிருந்து. "பாப்பா மாதிரி யாரு செய்வா?" என்றார் சே. அண்ணன். வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை லாங் ஐலண்ட். கல்யாண ரிசப்ஷன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நான் போகவில்லை.

விடிகாலை போட் ஜெட்டி. பெட்டியெல்லாம் இறக்கியாகிவிட்டது. தூறல். சே. அண்ணன் கவுன்டரிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "ஒரு டிக்கெட்டு கொறையுது. வெயிட்டிங் லிஸ்ட்டு நகரல."

அல்போன்ஸ் அண்ணன்: "நான் நின்னுக்கிறேன். எப்படியும் நடுக்கடல்ல வாந்திதான் எடுக்கப்போறேன்."

"நீ நின்னா பேஸை எவன்டா வாசிப்பான்? ரெண்டு பாட்டு ரெக்கார்ட் பண்ணிட்டு பீடி வாங்கப் போனவன் இன்னும் திரும்பி வரல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சிரிப்பு அடங்கியதும் எல்லார் கண்ணும் என் பக்கம் வந்து, உடனே வேறு பக்கம் போனது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

"நான் நிக்கிறேன் அண்ணா. என்னோடது எல்லாமே இருக்கே."

"தங்கம்மா நீ." தலையில் கை வைத்தார்.

என் கீபோர்டு இரண்டும் போட்டில் ஏறிவிட்டன. மேடை வெறுமையாக இருந்தால் பெண் வீட்டார் கேட்பார்களாம், சும்மா நிறுத்தி வைக்க. தார்ப்பாயை நான்தான் கட்டினேன். போட் நகர்ந்த பிறகும் ஜெட்டியில் நின்றேன். செக்யூரிட்டி, "ஜானா ஹை கி நஹி?" என்றார். போகிறாயா இல்லையா. டவுன் பஸ் பிடித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

சே. அண்ணன் போன். "ஒரு கொறையும் தெரியலம்மா. அச்சு நீயே வாசிச்ச மாதிரி."

நானே வாசித்ததுதானே அண்ணா. சொல்லவில்லை. "சரிங்கண்ணா" என்றேன்.

கீபோர்டு எப்போது வரும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வைத்துவிட்டார். கட்டிலில் கீபோர்டு இருந்த இடத்தில் இப்போது காய்ந்த துணி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒத்திகைக்கு யாரும் கூப்பிடவில்லை. வாட்ஸாப் குரூப்பில் வெறும் காலை வணக்கம், பூ படம்.

அம்மாவுக்கு மாத்திரை வாங்க அபர்டீன் பஜார். ஜவுளிக்கடை வாசலில் ரீட்டா தீதி. என்னைப் பார்த்ததும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "அரே செல்வி! அப் தபியத் கைசா ஹை?"

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றேன்.

அவள் முகம் மாறியது. பிறகு அவளுடைய அரைகுறைத் தமிழில், "சேகர் தாதா சொன்னது, செல்விக்கு ஜுரம், கொஞ்ச நாள் வராது. அதான் இந்த சண்டே மின்னி பே ப்ரோகிராம்கூட நீ இல்லே."

மின்னி பே ஷோ என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மின்னி பேக்குப் போக போட் வேண்டாம். டிக்கெட் வேண்டாம். பஸ்ஸில் இருபது நிமிஷம்.

தீதி என் கையை விடவில்லை. "தும் போலோ நா உஸ்கோ. நீ சொல்லு அவர்ட்ட. வாய் இல்லே உனக்கு?"

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். திரும்பப் போனேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மின்னி பே போனேன். அம்மாவிடம் கோயில் என்று சொல்லிவிட்டு.

மண்டபத்துக்கு வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றேன். ஜன்னல் வழியாக மேடை தெரிந்தது. என் இரண்டடுக்கு ஸ்டாண்டு, என் கீபோர்டுகள். பின்னால் முருகேசு அண்ணன். சே. அண்ணனுடைய மச்சான், பஜாரில் மொபைல் கவர் விற்பவர். பளபளக்கும் சட்டை, மண்டபத்துக்குள்ளேயும் கூலிங் கிளாஸ். கீபோர்டில் லைட்கூட எரியவில்லை. வயர் சுருட்டினபடியே ஸ்டாண்டில் தொங்கியது.

அவர் கை முதலில் நிற்கும், சத்தம் பிறகுதான் நிற்கும். புல்லாங்குழல் வரும்போது கீழ்த்தட்டில் தட்டுகிறார். மேல்தட்டு அண்ணா, மேல்தட்டு.

டிரம்மில் தண்ணீர் பிடிக்க வந்த பொம்பளைகள் இரண்டு பேர்.
"கீபோர்டுக்காரன் நல்லா வாசிக்கிறான்ல?"
"ஆளும் ஜோராத்தான் இருக்கான்."
சிரிப்பு.

மூன்றாவது பாட்டு. இடையிசை முடிந்து சரணம் தொடங்கும் இடம். அதைப் பதியும்போது அடுப்படியில் அம்மா கையைச் சுட்டுக்கொண்டு கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். அரைத் தாளம் பிந்திவிட்டது. திரும்பப் பதிய நினைத்தபோது கரண்ட் போனது, அப்படியே விட்டுவிட்டேன். அந்த ஒரு பாட்டில் மட்டும்.

ரீட்டா தீதி அந்த இடத்தில் மூச்சை இழுத்து, சரியாக அந்த அரைத் தாளத்துக்கு நின்று, பிறகு எடுத்தாள். சே. அண்ணனும் குச்சியைத் தூக்கிப் பிடித்து நின்றார். அல்போன்ஸ் அண்ணனும். எல்லோரும் பழகிக்கொண்டுவிட்டார்கள். நான் பதறினது பாட்டோடு சேர்ந்துவிட்டது. நான் வேண்டியதில்லை.

நடந்தே வந்தேன். வழியெல்லாம் கடல். அம்மா, "துன்னூறு எங்க?" என்றாள். மழையில் அழிந்துவிட்டது என்றேன். இன்று மழையே இல்லை.

செப்டம்பர் 3, புதன்

புழுக்கம். சே. அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஆட்டோவில், இரண்டு பெட்டியோடு.

நல்ல ஸ்பீக்கர் ஜோடி. புது சவுண்ட் கார்டு. சின்ன கீபோர்டு ஒன்று, தானாகச் சத்தம் வராது, லேப்டாப்போடு இணைத்தால்தான் பேசும். மேடைக்கு அது உதவாது. வீட்டுக்கு மட்டும்.

அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சே. அண்ணன் அப்பாவிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை.

"இனிமே செல்வி வீட்டுலேர்ந்தே வேல பாக்கட்டும்ணே. புதுப்பாட்டெல்லாம் இங்கயே ரெக்கார்ட் பண்ணிக் குடுக்கட்டும். நம்மளக் கூப்புடுற ரிசார்ட்டுக்காரன் நாலு பேருக்கு மேல சாப்பாடு, ரூமு தரமாட்டேங்கிறான். போட்டு, வாந்தி, ஜெட்டில பெட்டி தூக்குறது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குண்ணே அந்தக் கஷ்டம்?"

நான் ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை.

அப்பா முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. "வீட்டுக்குள்ளயே வேலையா? ஃபேனுக்குக் கீழயா?" கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். சிலோனிலிருந்து அனுப்பிவைத்த சனம். "நாங்க அட்டைக்கடியோட மரம் மரமா ஓடுனோம் தம்பி. எம் புள்ள குந்தின எடத்துல சம்பாதிக்குது. இதுக்கு மேல என்னா வேணும்?"

டீ கொடுக்கும்போது சே. அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணா, எனக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களா?"

டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேற என்னம்மா சொல்றது? ஆளுங்க கேப்பாங்கல்ல. நீ சங்கடப்படக் கூடாதுன்னுதான்." கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் ஒரு மாதிரிதான் இருந்தது. "உன் ட்ராக்கு உன்னை விட ஒழுங்கும்மா. கரண்ட்டு போனாலும் பயப்படாது, கூட்டத்தப் பாத்துக் கூச்சப்படாது." விளையாட்டாகச் சொன்னார். அப்பா சிரித்தார்.

செப்டம்பர் 5, வெள்ளி

மழை. தகரக் கூரையில் அடிக்கிறது. அது பதிவில் வராது. வாசிப்பது வயர் வழியாக நேராகப் போய்விடும். வீட்டுச் சத்தம் எதுவும் வராது.

புது செட் எல்லாம் இணைத்தாயிற்று. ஸ்பீக்கர் அருமை. பேஸ் சத்தமெல்லாம் தனித்தனியாகக் கேட்கிறது. இந்தத் தீவில் யார் வீட்டிலும் இவ்வளவு நல்ல செட் இருக்காது என்று நினைக்கிறேன்.

அப்பா பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரைக் கூட்டிவந்து காட்டினார். "தேக்கோ, மேரா பேட்டி கா ஆபீஸ்." பாருங்கள், என் மகளின் ஆபீஸ். அவர் ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தார்.

அம்மா ஷோவுக்குப் போடும் நீலச் சுடிதாரை மடித்து ரசகற்பூரம் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டாள். "இனி எங்க உடுத்தப் போற? பூச்சி அரிச்சிரும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்துதான் மடித்தாள்.

புதுப்பாட்டு ஒன்று பதிந்தேன். தப்பே இல்லை. கேட்டால் எனக்கே யாரோ வாசித்தது மாதிரி. ஒவ்வொன்றாக முடிக்க முடிக்க, போக வேண்டிய இடம் ஒவ்வொன்றாகக் குறைகிறது. இதைத் தெரிந்தே செய்கிறேன். வேண்டுமென்றே மோசமாக வாசித்துப் பார்த்தேன், ஒரு சரணம். கை வரவில்லை. அழித்துவிட்டு ஒழுங்காகவே வாசித்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. கடல் அமைதி என்று ரேடியோ. போட் எல்லாம் ஓடுகிறது.

ரீட்டா தீதி மெசேஜ்: "போலா க்யா?" சொன்னாயா என்கிறாள். பதில் போடவில்லை.

மத்தியானம் சே. அண்ணன் மெசேஜ். அடுத்த வாரம் திரும்பவும் லாங் ஐலண்ட். இந்தத் தடவை டிக்கெட் முன்னாலேயே எடுத்தாயிற்றாம். எத்தனை என்று இல்லை. கீழே: "தெரிஞ்ச ஆள் மெட்ராஸ்லேர்ந்து வர்றார். வீட்டு செட்டுக்கு வேற என்ன வேணும், லிஸ்ட் போடு. வெக்கப்படாம கேளும்மா."

மூன்று தடவை அடித்து அழித்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. இப்போது அனுப்பியதை இங்கே எழுதுகிறேன். பிறகு அனுப்பவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

"அண்ணா, வணக்கம். லேப்டாப்புக்கு யூபிஎஸ். லைன் கேபிள் ரெண்டு. ஈரம் உறிஞ்சுற பொட்டலம் கொஞ்சம். அவ்ளோதான்ணா. இன்னொண்ணு, அது மெட்ராஸ்ல கிடைக்கிற சாமான் இல்ல. லாங் ஐலண்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்கண்ணா. முருகேசு அண்ணன் நிக்கிற எடத்துல என்னை நிக்க விடுங்க. ட்ராக்கே ஓடட்டும், வயரைச் சொருக வேண்டாம்."