இரண்டு கழகங்களுக்கும் ஒரே அணி

ஒக்டோபர் 12, ஞாயிறு

கொட்டாஞ்சேனையில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தை மட்டக்குளிக் கழகத்தோடு இணைக்க இன்று வாக்கெடுப்பு நடந்தது. வெளிநாட்டு வீரர்களை இறக்கும் பணக்காரக் கழகங்களைத் தனியாக நின்று சமாளிக்க இனி முடியாது. இணைந்தால்தான் நிறுவனங்களின் அனுசரணைப் பணமும் கிடைக்கும்.

எங்கள் கோல் காப்பாளர் அன்ரன்தான் முதலில் கையை உயர்த்தினான். பதினொரு வருடமாக எங்களுக்காக விளையாடுபவன்.

"சேருவம் கோச். இந்த முறை அந்தக் காசுக்காரங்கள ஒரு கை பார்ப்பம்," என்றான். அவனைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கை உயர்த்தினார்கள்.

புதிய அணிக்கு இரண்டு காப்பாளர்கள் போதும். மட்டக்குளியில் இருக்கும் இருவரும் இவனைவிட இளையவர்கள். பயிற்சியாளராக அந்த அணியின் வீரர் பட்டியலில் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்ரனின் பெயர் அதில் இல்லை. வாக்கெடுப்பு முடியும்வரை சொல்ல வேண்டாம் என்றார் கழகத் தலைவர். நானும் சம்மதித்தேன்.

முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அவன் மனைவி வாசலில் நின்றாள். அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

சற்று முன் தொலைபேசியில் அழைத்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"கோச், நாளைக்குப் புது டீமோட பிராக்டிஸ் எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு."

"ஓம் கோச். நான் அஞ்சு மணிக்கே வந்திருவன்."

மைதான வாசலில் நான் நாலரைக்கே நிற்க வேண்டும்.