சுவரில் ரெஜியின் முகம்

ஓகஸ்ட் 4, செவ்வாய்
சரியான வெயில். சாவகச்சேரிக் கடையை மத்தியானமே பூட்டிவிட்டுக் கிற்றாருக்குப் புது நரம்பு போட்டேன். ரெஜி ரொறொன்ரோவிலிருந்து வந்துவிட்டான். பத்து வருடத்துக்குப் பிறகு எங்கள் 'துரு' இசைக்குழு மறுபடி மேடையில். ஞாயிறு, நெல்லியடி மண்டபம்.

அந்தக் காலத்தில் எங்கள் கிரஞ்ச் ரொக் இரைச்சலைக் கேட்க இருபது பேர் தேறாது. இப்போது பெடியன்கள் கிழிந்த ஜீன்ஸோடு யூடியூப்பில் எங்கள் பாட்டுகளைப் பாடுகிறார்கள். எல்லாம் 'ரெஜி அண்ணையின் பாட்டு'. மெட்டும் வரியும் என்னுடையவை. அவன் பாடினான், அவ்வளவுதான். வயிறு எரிகிறது.

ரெஜியிடமே கேட்டுவிட்டேன்.
"மேடையிலை சொல்லுறன் மச்சான். பாட்டெல்லாம் நீ கட்டினது எண்டு முதல் வேலையாச் சொல்லுறன்."
பார்ப்போம்.

ஓகஸ்ட் 6, வியாழன்
புழுக்கம். வாங்க வேண்டியவை: பாண், சவர்க்காரம், கிற்றார் கேபிள்.
சுவரொட்டி ஒட்டியாயிற்று. கறுப்பு வெள்ளை. ரெஜியின் முகம் மட்டும், கண் மூடியபடி. கீழே நாள், நேரம், மண்டபம். மற்ற மூவரின் பெயரும் எறும்பளவு.
மனைவி சுகந்தி பார்த்துவிட்டு, "என்னப்பா, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு" என்றாள்.
எனக்கும் அப்படித்தான் பட்டது. ரெஜியிடம் சொல்லவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஓகஸ்ட் 7, வெள்ளி
ஊர் முழுக்க ரெஜி செத்துவிட்டான். அவனோ யாழ்ப்பாணத்தில் ஹோட்டல் அறையில், ஒன்றும் தெரியாமல்.
மீன்காரர்: "நல்ல பெடியன். எப்ப பிரேதம் எடுக்கினம்?"
"ஞாயிறு ஆறு மணிக்கு, மண்டபத்திலை வந்து பாருங்கோ." பொய்யில்லையே.
எங்களுக்குச் சங்கீதம் படிப்பித்த ரீச்சர் போனில் அழுதார். "என்ன மாதிரிக் குரல் அது."
செத்தும் அவன் குரல்தான். எனக்கு யார் இப்படி அழுவார்கள்?

ஓகஸ்ட் 9, ஞாயிறு
மண்டபம் கொள்ளாத சனம். பாதிப் பேர் வெள்ளை உடுப்பில், கையில் மாலை. 'துரு'வுக்கு இப்படி ஒரு கூட்டம் வந்ததே இல்லை.

ரெஜி மேடை ஏறினான். ஒரு பெண் வீரிட்டுக் குழறினாள். பிறகு எல்லோரும் ஓடிப்போய் அவனைத் தொட்டுப் பார்த்து, கட்டிப்பிடித்து, கொண்டுவந்த மாலைகளை அவன் கழுத்திலேயே போட்டார்கள். அவனும் விம்மி விம்மி அழுதான். மைக்கில் சொல்ல வந்ததெல்லாம் மறந்து போயிற்று. அழுதழுதே என் பாட்டைப் பாடினான். சனமும் சேர்ந்து அழுதது. என் பெயர் வரவே இல்லை. சுவரொட்டியைப் பற்றி நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்காவிட்டால் வந்திருக்கும்.

முடிந்ததும் ரீச்சர் மேடையடிக்கு வந்து என் கையைப் பிடித்தார். கிற்றார் இன்னும் என் கழுத்தில்.
"தம்பி, நீயும் அவன்ரை செத்தவீட்டுக்கெண்டே வந்தனீ?"
"ஓம் ரீச்சர்."