கடைசி வரியில் ஒரு ‘ழ’

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? போனில் உன் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாலே “அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் வந்தபோது நீ ஓட்டும் பள்ளி வேனைச் சுற்றிப் பார்த்தேன். இடப்பக்கம் மட்டும் மூன்று கீறல், மேலே புதுப் பெயின்ட். கேட்டால் “கேட்டு குறுகல்” என்கிறாய். பத்து வருடமாக அதே கேட்தானே அண்ணா? சாப்பிடும்போது இடப்பக்கம் இருந்த தண்ணீரையும் தட்டிவிட்டாய். அண்ணி துடைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் எதையோ மறைக்கிறீர்கள்.

நான் முன்பு வேலை பார்த்த கண் கிளினிக்குக்குப் போ. கண்ணாடிக் கடையோடு திரும்பிவிடாதே. கடைக்காரருக்கு பிரேம் மூக்கில் உட்கார்ந்தால் சரி. என்னைப் போல அளவு பார்ப்பவர்கள் எழுத்து எவ்வளவு தெரிகிறது என்று சொல்வோம். விழித்திரைக்குப் பின்னால் போகிற நரம்பு நன்றாக இருக்கிறதா என்பதைக் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பார்வை போனது அந்த நரம்பில்தான். மறந்துவிட்டாயா?

உன் தங்கை,
குட்டி

ஜூன் 12

அன்புத் தங்கை குட்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன்னைத் தவிர எல்லோரும் என்னை நம்புகிறார்கள்.

அண்ணிதானே உனக்கு ஓதியது? வேனை விட்டுவிட்டு வீட்டில் உட்கார் என்று ஒரு மாதமாக ஒரே பாட்டு. இப்போது நீயும் சேர்ந்து பாடுகிறாய். சொல்லி வைத்தாற்போல இருக்கிறது. அந்த மருத்துவரும் உன் பழைய முதலாளி. அவரிடம் போனால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா?

ஆனாலும் போனேன். அங்கே வேலை பார்க்கும் உன் தோழிதான் அளவு பார்த்தாள். வலது கண்ணில் ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. இடது கண்ணில் கடைசி வரி, ட, ப, ர, க, ழ. போதுமா? இனி என் வேனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்

ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

யாருக்குக் காது குத்துகிறாய்?

நான் படித்தபோது உன்னை நாற்காலியில் உட்கார வைத்துப் பழகினேனே, அந்த எழுத்து அட்டை நினைவிருக்கிறதா? கடைசி எழுத்து கிழிந்துபோனது. நான்தான் பேனாவால் அங்கே ‘ழ’ போட்டேன். உலகத்தில் வேறு எந்த அட்டையும் அப்படி முடியாது. நீ படிக்கவில்லை அண்ணா, ஒப்பித்திருக்கிறாய்.

தோழியிடமும் கேட்டேன். “இல்லாத எழுத்தெல்லாம் சொன்னாரு. டாக்டரப் பாருங்கன்னேன், வேனுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாரு” என்றாள்.

அந்த வேனில் பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். இடப்பக்கம்தான் இறங்குகிறார்கள். பள்ளிக்கும் இன்று எழுதிவிட்டேன். அடுத்தவர் வாயால் நீ கேட்கக்கூடாது என்று நானே சொல்கிறேன்.

குட்டி

ஜூலை 2

குட்டிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே தலைமை ஆசிரியை சாவியை வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் எதிரில். அதை என்னால் மறக்க முடியாது.

கோபத்தில்தான் மருத்துவரிடம் போனேன், உங்கள் எல்லோரையும் பொய்யர்கள் என்று நிரூபிக்க. ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வலது கண்ணை மூடி, வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. “முடிஞ்சிடுச்சுங்க” என்றார்கள்.

பெட்டியில் ஏதோ கோளாறு, எல்லோரும் சேர்ந்து என்னை ஏய்க்கிறீர்கள் என்று கத்தினேன். அண்ணியை உட்கார வைக்கச் சொன்னேன். பக்கத்திலேயே நின்றேன். அவள் விரல் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்து, “வந்துக்கிட்டே இருக்குங்க” என்று அழுதாள்.

இடது கண்ணில் போனது போனதுதானாம். வலது கண்ணிலும் ஓரத்தில் தொடங்கிவிட்டதாம். சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். அண்ணிதான் விடுகிறாள்.

ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் மாதம் ஒரு குழந்தை வேனுக்கு இடப்பக்கம் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தது. நான் வண்டியை எடுத்தேன். வேனில் வரும் ஆயா போட்ட சத்தத்தில் நிறுத்தினேன். அன்றைக்கே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் பரணிலிருந்து உன் அட்டையை எடுத்து மனப்பாடம் செய்தேன்.

நீ பள்ளிக்கு எழுதியதை இன்னும் மன்னிக்கவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் அடுத்த திங்கட்கிழமையும் வண்டியை எடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. எனக்கு வலப்பக்கம் உட்கார்.

அண்ணன்