நிலையத்துக்குப் பக்கத்து வீடு

மார்ச் 4, செவ்வாய்
பேத்திக்குப் பள்ளி விடுமுறை வருகிறது. மகளைப் போனில் அழைத்தேன். "நீங்க இங்க வாங்கப்பா. அவள அங்க கூட்டிட்டு வர எனக்குப் பயமா இருக்கு."
வாசலில் நின்றால் அணுமின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். ஓய்வு பெறும்வரை அங்கே கதிர்வீச்சை அளப்பதுதான் என் வேலை. மகள் வளர்ந்ததும் இதே வீட்டில்தான். ஆனால் அப்போது அவள் தாயாகவில்லை.

மார்ச் 7
நிலையத்தில் என் இடத்தில் இப்போது இருப்பவரிடம் கதிர்வீச்சு மீட்டரை இரவல் கேட்டேன். "ரிட்டையர் ஆனவங்க பேரப்பிள்ளையத் தூக்கிட்டுப் போவாங்க சார். நீங்க மீட்டரத் தூக்கிட்டுப் போறீங்க!"
சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

மார்ச் 9, ஞாயிறு
வீடு முழுவதும் அளந்தேன். எந்த ஊரிலும் இருக்கும் அளவுதான். சமையல் மேடை மட்டும் சற்று அதிகம். அது கிரானைட் கல்லின் குணம், மலையிலிருந்தே வருவது, தீங்கில்லை. அதை விட்டுவிட்டு எழுதலாமா? ஒன்றை விட்டால் மற்றதை யார் நம்புவார்கள்? விளக்கத்தோடு சேர்த்தே மகளுக்கு அனுப்பினேன்.

மார்ச் 10
மாப்பிள்ளை பேசினார். "மாமா, அணு உலையே தேவல, உங்க அடுப்படிதான் ஆபத்து போலிருக்கே!"
விளக்கத்தை யாரும் படிக்கவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

மார்ச் 15
மகள்: "கல்லு கிடக்கட்டும்ப்பா. உலையில எரிஞ்சு முடிஞ்சத எங்க வைக்கிறாங்க?"
"அங்கேயேதாம்மா. தண்ணித் தொட்டிக்குள்ள."
"அப்புறம்?"
"வேற இடம் பாக்குற வரைக்கும்..."
"எப்பப் பாப்பாங்க?"
நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் தற்காலிகம் என்றார்கள். ஓய்வு பெற்றபோதும் அதே சொல். தொட்டி பத்திரமானது, நானே சரிபார்த்திருக்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு — யார் சரிபார்ப்பது?
"தெரியலம்மா" என்றேன்.
போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 16
போன் வரவில்லை.

மார்ச் 24
மீட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். "பேத்தி வந்தாச்சா சார்?" தலையை எப்படி ஆட்டினேனோ! வரும் வழியில் கடைக்காரரோடு இரண்டு வார்த்தை பேசலாமே என்று தேவையில்லாத பல்பு ஒன்று வாங்கினேன். அவர் போனில் இருந்தார்.

ஏப்ரல் 5
மகள் பேசினாள்! "எல்லாரும் ஒண்ணும் ஆகாதுங்கறாங்க, இல்லன்னா எல்லாமே போச்சுங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் தெரியலன்னீங்க. கூட்டிட்டு வரேன்ப்பா. ஆனா காலைல வந்துட்டு சாயங்காலம் கிளம்பிடுவோம். ராத்திரி தங்கல."
மீட்டருக்குப் பகல் ஏது, இரவு ஏது? வாய்வரை வந்தது. "சரிம்மா" என்றேன்.

ஏப்ரல் 12, சனி
வந்தார்கள். பேத்தி என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கே வைத்தியம் பார்த்தாள். பிறகு என் கட்டிலிலேயே தூங்கிவிட்டாள். கிளம்பும் நேரம் வந்தது. எழுப்ப விடாமல் பஸ் நிறுத்தம்வரை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியிலேயே தோள் வலித்தது.
"குடுங்கப்பா" என்று மகள் கை நீட்டினாள்.
"பஸ் வரட்டும்மா."