கோத்தகிரி அத்தை வருவதற்குள்

ஊட்டி தபால் நிலையம்,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள தபித்தா அக்காவுக்கு,

போன வெள்ளிக்கிழமை காலை அப்பா சவரம் செய்துகொண்டார். சர்ச்சுக்குப் போகும் ஞாயிறு தவிர வேறு நாளில் அவர் கண்ணாடி முன் நின்று நான் பார்த்ததில்லை. அது நல்லதுக்கில்லை என்று அப்போதே நினைத்தேன். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. ஆனால் குனிந்து கேரட் பிடுங்க இன்னும் முடியவில்லை.

அப்பா என்னையும் கிளம்பச் சொன்னார். முத்தோரை டெலஸ்கோப்புக்கு, உனக்கு வேலை கேட்க.

நீ வெளியூர்க் காலேஜில் பிசிக்ஸ் எடுத்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் நர்ஸிங் படிக்கச் சொன்னார்கள். அப்பா மட்டும் உன் பக்கம் நின்றார். நம் தோட்டத்திலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் தெரிகிற டெலஸ்கோப்தான் அதற்குக் காரணம். மூன்று வருடம் படித்துவிட்டு மகள் அங்கே வேலைக்குச் சேருவாள், சாயங்காலம் நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தார். கேரட் கழுவும் இடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியும் வைத்தார். அது அப்படியில்லை என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கேட்டில் காவலுக்கு இருந்த வேலன் அண்ணன், உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு விஞ்ஞானி மேடத்தை நிறுத்தி, நாங்கள் வந்திருப்பதைச் சொன்னார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, “ஏனுங்க மேடம், எம்புள்ள பி.எஸ்சி. பிசிக்ஸ் முடிக்குதுங்க. எங்க தோட்டம் அதா, கூப்பிட்டா கேக்கற தூரம். மழை பேஞ்சாலும் லீவு போடாதுங்க” என்றார். அந்த மேடம் சிரிக்கவில்லை. இதற்குப் பிறகு எம்.எஸ்சி., அதற்கும் பிறகு ஆராய்ச்சிப் படிப்பு, அதன் பிறகும் எந்த ஊரில் வேலை கிடைக்கிறதோ அங்கேதான் போகவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். “உங்க பொண்ணு இதெல்லாம் சொல்லலீங்களா ஐயா?” என்று கேட்டார்.

அப்பா உடனே, “சொல்லுச்சுங்க. நாந்தான் மறந்துட்டேன்” என்றார்.

திரும்பி வரும்போது பாதி வழியில், “உனக்குத் தெரியுமா கண்ணு?” என்று என்னைக் கேட்டார். நான் வழக்கம்போல் வாய் திறக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கோத்தகிரி அத்தைக்குப் போன் போட்டார். அத்தை ஆயாவாக இருக்கும் பள்ளியில் சயின்ஸ் டீச்சர் வேலை காலியாம். “படிச்சுப் படிச்சுத் தல நரைச்ச பொறகா அவளுக்கு மாப்ள பாப்பீங்க? ஒரிஜினலை எல்லாம் எடுத்து வைங்க, திங்கக்கெழம மத்தியானம் வந்து வாங்கிக்கறேன்” என்று அத்தை கத்தியது அடுப்படி வரைக்கும் கேட்டது. அந்தப் பள்ளியில் சேர்ந்தால் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை அவர்களே வைத்துக்கொள்வார்கள், இரண்டு வருடம் முடியாமல் திருப்பித் தரமாட்டார்கள். இதை அத்தையே முன்பு சொல்லியிருக்கிறார். அவை இல்லாமல் நீ எப்படி ஹைதராபாத்தில் சேர முடியும்? உனக்கு அங்கே எம்.எஸ்சி. இடம் கிடைத்திருப்பது வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்குத் தெரியாமல் சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு உன்னிடம் ஓடிவரலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் வேலன் அண்ணன் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்காத மனிதரிடம் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. இன்று காலை சர்டிபிகேட் கவரை எடுத்துக்கொண்டு, அவர் கேரட் கழுவும் இடத்துக்கே போனேன். “அக்காவுக்கு ஹைதராபாத்துல சீட்டு கெடச்சிருக்குதுங்கப்பா. இதை அக்காவுக்கே அனுப்பப் போறேனுங்க” என்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேரட் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வீரம்மாக்கா, “அட, இந்தப் புள்ளைக்கும் வாயி இருக்குதா!” என்றார்.

அப்பா மெஷினை நிறுத்தினார். ஹைதராபாத் எவ்வளவு தூரம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கவரைக் கை நீட்டி வாங்கவில்லை. “அவளையே சொல்லச் சொல்லு” என்றார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மறுபடி மெஷினைப் போட்டுவிட்டார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா, வரும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்றாயே, அதற்குள் ஹைதராபாத் இடத்தை உறுதி செய்துவிடு. ஆனால் அதற்கு முன்னால் அப்பாவிடம் நீயே பேசு. எத்தனை வருடம், எந்த ஊர், எப்போதெல்லாம் வருவாய் என்று எல்லாவற்றையும் சொல். அவர் திட்டினாலும் போனை வைத்துவிடாதே. என்னிடம் சொல்லி அனுப்பாதே. தோட்டத்து வேலையை நினைத்துக் கவலைப்படாதே, நான் இருக்கிறேன். மத்தியானம் அத்தை வந்து கேட்டால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்காக ஜெபம் பண்ணிக்கொள்.

கர்த்தர் உன்னைப் போகிற இடமெல்லாம் காப்பாராக.

உன் அன்புத் தங்கை,
ரேச்சல்.

பி.கு.: என்னுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் அதே கவரில்தான் இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஒட்டிவிட்டேன்.